பயத்துக்கும் மருந்து உண்டு

வண்டலூர் வட்டாரத் தாய்மார்களே, பெரியோர்களே!

ரயில் ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, உடம்பு வேர்க்குது, உயிரே போயிடுமோன்னு தோணுது. மாதக்கணக்கில் இப்படி இருந்தால் அது காத்துக் கருப்பு அல்ல, நடிப்பும் அல்ல. அது பதற்ற நோய்.

முதலில் இதயம், தைராய்டு கோளாறு இல்லை என்று டாக்டர் பார்ப்பார். பிறகு தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரை குணம் காட்ட 2 முதல் 6 வாரம் ஆகும். முதலில் குமட்டல் வரலாம். "ஒண்ணும் கேக்கலையே"ன்னு நிறுத்திடாதீங்க. குணமான பின்பும் பல மாதம் தொடர வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டயஸிபாம், அல்பிரசோலம் சட்டென்று அமைதி தரும். நாள்பட்டால் விட முடியாத பழக்கமாகும். சீட்டு இல்லாமல் கடையில் வாங்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கணவன்மார்களே! மாத்திரை பாதி, உங்கள் துணை பாதி. இந்த வாரம் பெருங்களத்தூர் வரை கூடப் போங்க. பயம் தணிந்ததும் தாம்பரம் வரை போங்க. கேலி மட்டும் வேண்டாம்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மறைக்காதீர்கள், வாருங்கள்!