கிரான் மெயிலை யார் படிக்கிறது?

இன்னைக்கு எபிசோடு சின்னது. ஆனா என் மானம் போன கதை ஒண்ணு இருக்கு, அதனால கடைசி வரைக்கும் இருங்க.

என் முதல் வேலையில, ராத்திரி 2 மணிக்கு ஓடுற டேட்டாபேஸ் பேக்கப் என் பொறுப்பு. கிரான்ல போட்டு வச்சிருந்தேன். கிரானோட குணம் தெரியும்ல? ஜாப் என்ன சொன்னாலும், நல்ல சேதியோ எர்ரரோ, மொத்தமா மூட்டை கட்டி மெயில்ல அனுப்பிடும். என் ஸ்கிரிப்ட் தினமும் "பேக்கப் முடிஞ்சது"ன்னு சொல்லும், தினமும் ஒரு மெயில் வரும். முதல் வாரம் படிச்சேன். ரெண்டாவது வாரம் ஃபில்டர் போட்டு தனி ஃபோல்டருக்குத் தள்ளிட்டேன். அப்புறம் அந்தப் பக்கமே போகல.

ஒருநாள் டீம்ல இருந்த சீனியர் அக்கா ஒரு டேபிளை ரீஸ்டோர் பண்ணச் சொன்னாங்க. போய்ப் பார்த்தா, கடைசி பேக்கப் 19 நாள் பழசு! ஃபோல்டரைத் திறந்தேன். 19 மெயில், எல்லாத்துலயும் ஒரே சேதி: டிஸ்க்ல இடமில்லை. மெஷின் ஒழுங்காத்தான் கத்தியிருக்கு. நான்தான் காதுல பஞ்சு வச்சிருந்தேன். "திட்ட நேரமில்லடா, வா, உட்கார்ந்து சரிபண்ணலாம்"னாங்க அக்கா. திட்டியிருந்தாக்கூட அவ்வளவு வலிச்சிருக்காது.

சரி, மெயிலை ஒழுங்கா படிச்சா போதுமா? போதாது. 2017 ஜனவரி 31, கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தவறுதலா லைவ் டேட்டாபேஸையே அழிச்சிட்டார். பேக்கப்பைத் தேடினா, இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுத்த டூல் 9.2; அதனால பேக்கப் ஃபெயிலாகிட்டே இருந்திருக்கு. கிரான் மெயிலும் போயிருக்கு. ஆனா அந்த மெயில்களுக்கு டிமார்க் சரியா அமைக்கல, வாங்குற சர்வர் திருப்பி அனுப்பிடுச்சு. வேற வேலைக்காக 6 மணி நேரம் முன்னாடி ஒருத்தர் கையால எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்துச்சு. நடந்ததை ஒளிக்காம அவங்களே எழுதினாங்க, அதுக்கு ஒரு சல்யூட்.

இப்ப நான் செய்றது இதான். ஜெயிச்சா ஜாப் வாயே திறக்கக்கூடாது. மோர்யூட்டில்ஸ்ல 'குரானிக்'னு ஒரு கமாண்ட் இருக்கு. ஜாப் ஃபெயிலானா மட்டும் அவுட்புட்டைக் காட்டும். ஆனா பேக்கப்பை பைப்ல ஜிஜிப்புக்கு அனுப்பினா, பேக்கப் செத்தாலும் ஜிஜிப் ஜெயிச்சா 'சக்சஸ்'னுதான் கணக்கு. பேஷ்ல 'பைப்ஃபெயில்' செட் பண்ணுங்க. எர்ரரைத் தூக்கி டெவ் நல்லுல மட்டும் போட்டுடாதீங்க.

மெயில் ஒரே ஆளுக்குப் போகாம டீம் முகவரிக்குப் போகட்டும். வேணும்னே ஒரு தடவை ஜாப்பை ஃபெயிலாக்கி, மெயில் வருதான்னு பாருங்க.

இன்னொண்ணு. சர்வரே படுத்துட்டா மெயிலும் வராது. அமைதின்னா 'நல்லா இருக்கேன்'னும் அர்த்தம், 'செத்துட்டேன்'னும் அர்த்தம். அதனால ஜாப் முடிஞ்சதும் வெளியில இருக்கிற ஒரு சர்வீஸுக்கு பிங் அனுப்பட்டும். நேரத்துக்கு பிங் வரலைன்னா அது கத்தட்டும்.

எபிசோடு முடிஞ்சதும் அந்த ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பாருங்க. அடுத்த வாரம் பேசலாம், டாட்டா!