உறங்கும் விதை

(சங்க ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



பெரிய பொருள்களைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்க, யான் புல்லைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். பொறுத்தருள்க.

தமிழ்நாட்டின் காங்கயம் பகுதியிற் 'கொறங்காடு' எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள. ஆண்டில் ஏறத்தாழ 600 மில்லிமீற்றர் மழையே பெறும் பூமி அது. சுற்றிலும் கிளுவை வேலி. இடையிடையே வெள்வேல மரம். தரையிற் கொழுக்கட்டைப் புல். பெயர்பெற்ற காங்கயம் மாடுகளை வளர்ப்பது இப்புல்லே. ஒருமுறை வேரூன்றினாற் பல்லாண்டு வாழும். கோடையிற் கருகினும், மழை விழுந்ததும் தூரிலிருந்து துளிர்க்கும்.

என் நண்பன் ஒருவனின் குடும்பத்துக்கு அங்கே சிறு கொறங்காடு உண்டு. அளவுக்கு மிஞ்சி மேய்த்தமையாற் புல் அற்றுப்போயிற்று. மாடுகளை விற்றுவிடலாமா என்று அவன் தந்தையார் எண்ணியிருந்த வேளையில் யான் அங்கு சென்றேன். விஞ்ஞானம் படிப்பவன் என்ற இறுமாப்போடு, அயல் நிலத்திற் கதிர்களை உருவுவித்து, அன்றே விதைக்கச் செய்தேன். மழை பெய்தது, புல் முளைக்கவில்லை. விதை பதர் என்று தீர்ப்பும் கூறினேன்.

நண்பனின் பாட்டியார் சிரித்தார். "அது தூங்குது கண்ணு" என்றார்.

உண்மை அதுவே. உமி போர்த்த இந்த மணி புதிதாய் இருக்கையில் எளிதில் முளையாது. உலர்ந்த இடத்திற் சில மாதங்கள், ஓராண்டு வரையிலும், வைத்தாலே உறக்கம் கலையும். மழை தப்பும் நிலத்தில் எல்லா விதையும் ஒருங்கே முளைத்தால் ஒருங்கே மடியுமன்றோ? உறக்கமே அதற்குக் காவல்.

எஞ்சிய விதையைப் பாட்டியார் துணிப்பையிற் கட்டிவைத்தார். மறு ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் நிலத்தை உழுதனர். பஞ்சுபோன்ற விதை காற்றிற் பறவாதபடி ஈரமணலோடு கலந்து தூவினர். ஒரு சென்றிமீற்றருக்கு மேல் மண் மூடவில்லை. ஹெக்டேயருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். முதற் பருவத்தில் மாடு அண்டவிடாது காத்து, வேர் ஆழ்ந்த பின்னரே மேயவிட்டனர். மாடுகள் விற்கப்படவில்லை.

இவ்விதையை இங்கு கொண்டுவரச் சொல்லுகிறேன் அல்லேன். அவுஸ்திரேலியாவில் இதே புல், அந்நாட்டுச் செடிகளை நெருக்கி அழிக்கும் களையாயிற்று. பிறந்த மண்ணிற் செல்வம். பிற மண்ணிற் பகை. எங்கள் வறண்ட நிலங்களுக்கு ஏற்ற புல்லை எங்கள் வரம்புகளிலேயே தேடுவோம்.

முளையாத விதையைப் பதர் என்று எறியுமுன் ஓராண்டு பொறுப்போம். பெரியோர்களே, இளைஞராகிய எங்களிடத்தும் அவ்வாறே பொறுத்திருப்பீர்களாக.