லயன் வீடுகளும் பிரதேச சபையும்

நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்களிலே, நீண்ட கூரையொன்றின் கீழ்ப் பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் லயன்களைக் காணாதார் இலர். அக்கூரை ஒழுகினால் எவரிடம் முறையிடுவது? நூறாண்டுக்கு மேலாகத் தோட்ட நிர்வாகம் ஒன்றே அதற்கு விடையாக இருந்தது.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாய் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே, அவர்தம் வாசலுக்கு ஒரு விளக்கும் இடவியலாதிருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பெற்றது; அடைத்த கதவு திறந்தது.

ஆயினும், பெரும்பாலான தோட்டங்களின் நிலம் அரசினுடையது. 1992 முதல் நிர்வாகம் கம்பனிகளிடம் உள்ளது. குடியிருப்போரிடமோ உறுதி இல்லை. தொழில் போனால் கூரையும் போகுமோ என்னும் அச்சம் அவர்களை விட்டு அகலவில்லை. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் சில எழுந்தன. லயன்களில் இன்னும் பலர் வாழ்கின்றனர்.

சபை பொறுப்பேற்பது நன்று. ஆனால், பழைய துரையின் இடத்தில் சபை புதிய துரையாக அமர்ந்துவிடலாகாது. பாதையும் நீரும் விளக்கும் தருதல் சபையின் கடன். காணியுறுதியைக் குடியிருப்போர் கையில் அளித்தல் அரசின் கடன். இவற்றுள் ஒன்று நிறைவேறி மற்றொன்று நின்றுவிடின், வீடு வீடாகாது, லயனாகவே இருக்கும்.