ஐடியா விழுங்கிய சொற்கள்



மொழிஞாயிறு பாவாணர் சிறு அகவையிலேயே பெற்றோரை இழந்து, தமக்கையார் அரவணைப்பில் தொடக்கக்கல்வி கற்ற ஊர் ஆம்பூர். பின்னர் அங்கேயே தமிழும் கற்பித்தார். சொல்லின் வேரைத் தேடியே வாழ்நாளைக் கழித்த அவரின் அவ்வூரிலும் இன்று உள்ளத்தில் எழுவன அனைத்திற்கும் 'ஐடியா' என்பதே பெயர்.

தோல் பதனிடும் தொழிலாளி பச்சைத்தோலையும் பதனிட்ட தோலையும் ஒரே பெயரால் அழைப்பானா? அழைத்தால் தொழில் கெடும். ஆயின் தொழிற்கூடத்தை விட்டு வெளியே வந்ததும் அவனுக்கும் இவ்வொரு சொல்லே வாய்க்கின்றது. பிழை அவனதன்று; படித்தவன் காட்டிய வழி அது.

'வீடு வாங்கும் ஐடியா' என்பதில் அது நோக்கம். 'நல்ல ஐடியா சொன்னாய்' என்பதில் வழி. 'உன் ஐடியா என்ன?' என்பதில் கருத்து. 'அதைப்பற்றி ஐடியா இல்லை' என்பாரும் உளர். தெரியாது என்றால் நா சுளுக்கிவிடுமா?

காணுதலைக் குறித்த கிரேக்க வினையினின்று பிறந்த இச்சொல், முதலில் தோற்றம், வடிவம் எனப் பொருள்பட்டது. பிளேட்டோ அதனை அழியா மூலவடிவங்களுக்கு ஆண்டார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மெய்ப்பொருளறிஞர் சான் இலாக்கு, மனம் எதனை எண்ணினும் அதற்கெல்லாம் இதனையே பெயராக்கினார். அங்கேயே நெகிழ்ந்துவிட்ட சொல்! ஆங்கிலேயனோ நோக்கத்திற்கும் திட்டத்திற்கும் தனித்தனிச் சொற்களை இன்னும் வைத்திருக்கின்றான். தமிழன்தான் ஒன்றைக் கடன் வாங்கி ஐந்தை இழக்கின்றான்.

எண் என்பது தொகையையும் குறிக்கும், நினைத்தலையும் குறிக்கும். எண்ணம் அதன்வழி வந்தது. கருதுதலின் விளைவு கருத்து. ஒருகால் மேடைதோறும் முழங்கிய 'அபிப்பிராயம்' என்னும் வடசொல்லை வீழ்த்தியது இக்கருத்தே. திட்டமோ செயலுக்கென வரையறுக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டின் விலையைப் பாலாற்றங்கரை மக்கள் அறிவர். 'கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஐடியா இருக்கிறது' என்று ஆலைமுதலாளி ஒருவர் சொல்வாராயின், அஃது எண்ணமா, திட்டமா? எண்ணமாயின் கேட்க ஒன்றுமில்லை. திட்டமாயின், என்று முடியும், எவ்வளவு செலவாகும் என்று உழவன் கேட்கலாம். அக்கேள்விக்கு இடங்கொடாமல் நழுவ 'ஐடியா'வைப் போல் உதவும் சொல் வேறில்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகத்து 28ஆம் நாள் உச்ச நயன்மன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்துக எனத் தீர்ப்பளித்தது; தோல் தொழிற்கூடம் ஒவ்வொன்றும் 10,000 உருவா தண்டம் கட்டவும் ஆணையிட்டது. அதில் நாளும் இருந்தது, தொகையும் இருந்தது.