அறிக்கையில் நாம் தாண்டிப்போன வரி

எனக்கு முன் இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்க இந்த இருக்கையில் அமர்ந்தவர்கள் இத்துறைக்கு வழிவகுத்தவர்கள். அவர்கள் வரிசையில் என்னையும் அமர்த்தியது பெரும் பேறு. அதற்குத் தகுதியாகப் பேச வேண்டுமே என்ற பதற்றத்தோடுதான் நிற்கிறேன்.

‘தரவு இணைப்புக் காலத்தில் டிஸ்பேச்சரும் விமானிக்குழுவும்’ என்பது இக்கருத்தரங்கின் பொருள். டிஸ்பேச்சர் என்பவர் தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் விமான நிறுவன ஊழியர். 1978இல் விமானத்துக்கும் தரைக்கும் இடையே குறுஞ்செய்தி அனுப்பும் ஏகார்ஸ் வந்தது முதல் இன்றைய செயற்கைக்கோள் தொடர்பு வரையிலான வரலாறு நீங்கள் அறிந்ததே. செய்தி எட்டாத இடங்கள், எட்டியும் கவனிக்கப்படாத செய்திகள், ஒரே மேசையில் பல விமானங்களைக் கவனிக்கும் பணிச்சுமை ஆகியவற்றைப் பிற்பகல் அமர்வுகள் விரிவாக ஆராயும். எனக்குத் தந்த நேரத்தை ஒரு பழைய விபத்துக்குச் செலவிட அவையின் அனுமதியை வேண்டுகிறேன்.

1990 ஜனவரி 25. அவியான்கா 52, போயிங் 707. பொகோட்டாவில் கிளம்பி, மெடலின் வழியாக நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தது. வானிலை மோசம். மூன்று இடங்களில், மொத்தம் 1 மணி 17 நிமிடம் அதை வட்டமடிக்க வைத்தார்கள். முதல் முறை தரையிறங்க முடியாமல் மேலெழுந்து திரும்பியபோது எரிபொருள் தீர்ந்து, நான்கு இன்ஜின்களும் நின்றுபோயின. லாங் ஐலண்டின் கோவ் நெக்கில் விழுந்த அந்த விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இந்த விபத்தைப் பற்றி நம் துறையில் எழுதியவர்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் எழுதியது துணை விமானி கட்டுப்பாட்டு மையத்திடம் எப்படிப் பேசினார், என்ன சொல்லாமல் விட்டார் என்பதையே. அது தேவையான ஆய்வுதான். ஆனால் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை விபத்துக்குத் துணைக் காரணமாக இன்னொன்றையும் சொல்கிறது: நெரிசல் மிகுந்த ஒரு விமான நிலையத்துக்கு மோசமான வானிலையில் வரும் சர்வதேசப் பயணத்தில், விமானிக்குழு தன் நிறுவனத்தின் டிஸ்பேச்சர் அமைப்பின் உதவியை நாடவில்லை. புறப்படும்போது அவர்கள் கையில் இருந்ததே பல மணி நேரம் பழைய வானிலைத் தகவல். மாற்று நிலையமான பாஸ்டனை இனி எட்ட முடியாது என்ற நிலை வட்டமடித்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது. அதைத் தரையில் கணக்கிட்டுப் பார்த்து, “இப்போதே வேறு ஊருக்குத் திரும்புங்கள்” என்று ஒருவரும் சொல்லவில்லை. அறிக்கையின் அந்த வரியை நம் கட்டுரைகள் அடிக்குறிப்பில்கூடச் சேர்ப்பதில்லை.

இது புதிய பாடமும் அல்ல. 1935 மே 6 அன்று மிசௌரியில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் டிசி-2 விமானம் நொறுங்கி, செனட்டர் பிரான்சன் கட்டிங் உள்ளிட்டோர் இறந்தார்கள். இரவு அலைவரிசையில் வானொலி வேலை செய்யவில்லை என்று தெரிந்தும் அல்புகர்க்கியிலிருந்து நிறுவன ஊழியர்கள் அதைத் தொடர்ந்து பறக்கவிட்டார்கள். கான்சஸ் சிட்டியில் மேகக்கூரை தாழ்ந்தபோது, நல்ல வானிலை உள்ள இடத்துக்கு உரிய நேரத்தில் திருப்பவும் இல்லை. அரசின் விசாரணை அறிக்கை இவற்றைத் தெளிவாகப் பதிவு செய்தது. பிறகு செனட் குழு பழியை அரசின் வழிகாட்டு வசதிகள் மீது திருப்பியது. யார் மீது குற்றம் என்ற அந்தச் சச்சரவில் அறிக்கை அமுங்கிப்போனது. 55 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகளிலும் பிழை நிறுவனத்துக்கும் விமானத்துக்கும் நடுவே இருந்தது. நாம்தான் விமானத்துக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடுவே தேடிக்கொண்டிருக்கிறோம்.

“ஏகார்ஸ் வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது” என்று இந்த மேடையிலேயே கேட்டிருக்கிறேன். சொன்னவர் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. கருத்தைத்தான் ஏற்க முடியவில்லை. 1999 ஜூன் 1 இரவு, டல்லாஸிலிருந்து லிட்டில் ராக் சென்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1420 விமானத்துக்கு 10.54 மணி அளவில் டிஸ்பேச்சரின் செய்தி போய்ச் சேர்ந்தது. இருபுறமும் இடிமேகம், நடுவே வழி திறந்திருக்கிறது, புயலை முந்திக்கொண்டு விரைந்து இறங்குவது நல்லது என்பது அதன் சாரம். விமானம் தரையைத் தொட்டபோது மணி 11.50. அதற்குள் புயல் நிலையத்தின் மீதே வந்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள். கருவி பழுதில்லாமல் வேலை செய்தது, செய்தியும் தெளிவாக இருந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் மாறிவிடும் வானத்துக்கு ஒரு முறை அனுப்பிய செய்தி போதாது. இறங்கும்வரை உரையாடல் தொடர வேண்டும்.

டிஸ்பேச்சர் நிறுவனத்தின் ஆள், அவருக்கு அதிகாரம் தந்தால் கேப்டனை நெருக்குவார் என்பது மற்றொரு தரப்பின் வாதம். இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. 2000 ஜனவரி 31 அன்று விபத்துக்குள்ளான அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 விமானக்குழு லாஸ் ஏஞ்சலஸுக்குத் திசைமாற விரும்பியபோது, சான் பிரான்சிஸ்கோவுக்கே தொடருமாறு டிஸ்பேச்சர் தரப்பு வலியுறுத்த முயன்றதாகத் தோன்றுகிறது என்று அதே பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. கேப்டன் அதற்கு இணங்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் புறப்படுமுன் திட்டமிடுவதற்கும் புறப்பாட்டு அனுமதிக்கும் இருவரும் கூட்டாகப் பொறுப்பு. பயணம் பாதுகாப்பாக முடியாது என்று இருவரில் ஒருவர் கருதினாலும் விமானம் அந்த இடத்தை நோக்கித் தொடரக்கூடாது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமைதான் பகிரப்பட்டிருக்கிறது. ‘போ’ என்று கட்டாயப்படுத்தும் உரிமை யாருக்கும் தரப்படவில்லை. அலாஸ்கா நிகழ்வு இந்த வரம்பை மீற முயன்றதைக் காட்டுகிறது. வரம்பே தவறு என்று காட்டவில்லை. ஐரோப்பிய விதிகள் டிஸ்பேச்சருக்கு உரிமம் கேட்பதில்லை, பொறுப்பைப் பகிர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் இல்லை. பதில் சொல்லும் கடமை இல்லாதவரின் எச்சரிக்கைக்கு நள்ளிரவில் எவ்வளவு வலு இருக்கும் என்பதை அந்த முறையை ஆதரிப்போர் விளக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் படிக்கப்படும் ஒவ்வொரு விபத்து ஆய்வும் கேப்டனுக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கும் நடந்த பேச்சோடு நின்றுவிட வேண்டாம். அந்த நேரத்தில் டிஸ்பேச்சர் என்ன அறிந்திருந்தார், அதைச் சொன்னாரா, சொல்லும் கடமை அவருக்கு இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். பதில் கிடைக்காத இடத்தில் அதையே உங்கள் ஆய்வின் முடிவாகப் பதிவு செய்யுங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.