பொத்தானை அழுத்துவது யார்?



"இன்றைய கலையில் ஏன் இவ்வளவு வன்முறை?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. கலைஞர்களைப் பற்றிப் பேசுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் பார்வையாளர்களைப் பற்றிப் பேசுகிறேன். என் தொழிலே அவர்களை நம்பித்தானே நடக்கிறது!

2000-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டின் கோல்டிங் நகரில், திராப்ஹோல்ட் அரும்பொருளகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. மேசை மீது பத்து பிளெண்டர்கள். நாம் வீட்டில் மிளகாயும் வெங்காயமும் அரைக்கிறோமே, அதே பிளெண்டர்தான். உள்ளே தண்ணீர், தண்ணீரில் உயிருள்ள தங்கமீன். மின்சார இணைப்பும் கொடுக்கப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்துவதும் அழுத்தாமல் போவதும் வருகையாளரின் விருப்பம். சிலி நாட்டில் பிறந்த மார்கோ எவரிஸ்தி என்பவரின் படைப்பு அது. பெயர் 'ஹெலனா'.

யாரோ அழுத்தினார். மீன்கள் செத்தன. புகார் போனதும், மின்சாரத்தைத் துண்டிக்கும்படி போலீசார் உத்தரவிட்டார்கள். அரும்பொருளக இயக்குநர் பீட்டர் மேயருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அவர் கட்ட மறுத்து நீதிமன்றம் போனார், 2003-இல் விடுதலையானார். மீன்கள் கண நேரத்தில் இறந்துவிட்டதால் அது வதை ஆகாது என்பது அங்கே எடுபட்ட வாதம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். அந்த மேசையைச் சுற்றி நின்ற கூட்டம்தான் என் அக்கறை. எவரிஸ்தியே அந்தக் கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார்: பொத்தானை அழுத்துகிறவன், அதை வேடிக்கை பார்க்கிறவன், இருவரையும் பார்த்துக் கோபப்படும் ஒழுக்கவாதி.

இரண்டாமவரை எனக்கு நன்றாகத் தெரியும். "இளகிய மனம் கொண்டவர்கள் இக்காட்சியைத் தவிர்க்கவும்" என்று நாங்கள் அறிவித்தால் போதும், சமையலறையில் இருப்பவர்கூட கையைத் துடைத்துக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் வந்துவிடுகிறார். மூன்றாமவரும் பழக்கமானவர்தான். கடைசி நிமிடம் வரை பார்த்துவிட்டுத்தான் தொலைபேசியை எடுப்பார், எங்களைத் திட்டுவதற்கு. இப்போது கைப்பேசி வந்த பிறகு, திட்டிக்கொண்டே பத்துப் பேருக்கு அனுப்பியும் வைக்கிறார்.

ஆனாலும் மனிதர்கள் இந்த மூன்றே வகைதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், கோல்டிங்குக்கு 26 ஆண்டுகளுக்கு முன்பு இத்தாலியில் நடந்த ஒரு நிகழ்வு.

1974-இல் நேப்பிள்ஸ் நகரின் ஒரு கலைக்கூடத்தில், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த மரினா அப்ரமோவிச் என்ற இளம்பெண் ஆறு மணி நேரம் அசையாமல் நின்றார். மேசையில் 72 பொருட்கள். ரோஜா, இறகு, தேன், திராட்சை எல்லாம் இருந்தன. கத்தரிக்கோல், அறுவைக் கத்தி, ஒரு துப்பாக்கி, ஒரே ஒரு தோட்டா, இவையும் இருந்தன. இவற்றில் எதையும் என் மீது நீங்கள் பயன்படுத்தலாம், பொறுப்பு என்னுடையது என்று எழுதி வைத்திருந்தார்.

முதலில் எல்லாரும் கூச்சத்தோடு நடந்துகொண்டார்கள். பூ கொடுத்தார்கள், கையைத் தூக்கி வைத்தார்கள். நேரம் போகப் போக உடைகளை வெட்டினார்கள். ரோஜா முள்ளைக் குத்தினார்கள். கழுத்தில் கீறினார்கள். கடைசியில் ஒருவர் தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை அவர் பக்கமே திருப்பி, விசையில் அவர் விரலையே பொருத்தினார். கலை பார்க்க வந்தவர்கள், நேயர்களே! அடியாட்கள் அல்ல.

ஆனால் அதே கூட்டத்துக்குள் அவரைக் காப்பாற்றவும் சிலர் சேர்ந்திருந்தார்கள். அவர் கண்ணீரைத் துடைத்தவர்கள் உண்டு. துப்பாக்கியைப் பிடுங்கினார்கள், இரு தரப்புக்கும் கைகலப்பே மூண்டது. எவரிஸ்தியின் கணக்கில் இவர்களுக்கு இடமே இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அப்ரமோவிச் பணயம் வைத்தது தன் உடலை. தங்கமீனிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

2017-இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அரும்பொருளகம் சீனக் கலைக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கவிருந்தது. அதில் ஒரு காணொளி: சண்டை நாய்கள் ஒன்றையொன்று எதிர்நோக்கி, ஓடுபொறியில் கட்டப்பட்டு, பாய முயன்று களைக்கின்றன. ஏழு லட்சம் பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். அது நியாயமான கோபம். ஆனால் ஊழியர்களுக்கே மிரட்டல் வந்தது என்று சொல்லித்தான் அரும்பொருளகம் மூன்று படைப்புகளை நீக்கியது. நாய்க்காக இரக்கப்பட்டவர்களில் சிலர் மனிதர்களை மிரட்டினார்கள். இதையும் வன்முறைக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

பிறகு 2025-இல் எவரிஸ்தி மீண்டும் செய்திகளில் வந்தார். கோப்பன்ஹேகனில் மூன்று பன்றிக்குட்டிகளைக் கூண்டில் அடைத்தார். தண்ணீர் உண்டு, தீனி இல்லை. பட்டினி கிடந்து சாகும் வரை அவை காட்சிப் பொருள். டென்மார்க்கின் பண்ணைகளில் அன்றாடம் சாகும் குட்டிகளுக்காக யாரும் கலங்குவதில்லை, இதைப் பார்த்தாவது கலங்கட்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. தட்டில் வரும் இறைச்சியைப் பற்றி நாமும் எதையும் கேட்பதில்லை. ஆனால் நம் போலித்தனத்துக்கு அந்தக் குட்டிகள் ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும்?

தொடங்கிய சில நாட்களிலேயே அவை காணாமல் போயின. விலங்கு ஆர்வலர்கள் தூக்கிச் சென்றுவிட்டார்கள். கண்காட்சி அமைக்க உதவிய எவரிஸ்தியின் நண்பர் ஒருவரே அவர்களை உள்ளே விட்டார் என்றும், குட்டிகளைச் சாகவிடாதீர்கள் என்று அவருடைய பத்து வயது மகள் கெஞ்சியதே காரணம் என்றும் செய்தி வந்தது. சட்டத்தின் கண்ணில் அது திருட்டு. அந்தச் சிறுமியின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

இன்றைய நிகழ்ச்சிக்கு அந்த நாய்க் காணொளியை ஒரு நிமிடமாவது காட்டலாமா என்று தயாரிப்புக் குழுவில் பேச்சு எழுந்தது. காட்டினால் நிகழ்ச்சி சூடுபிடிக்கும் என்பது எனக்கும் தெரியும். வேண்டாம் என்றேன். நாயை வதைத்ததைக் குறை சொல்லிக்கொண்டே அதன் களைப்பை நாமும் ஒருமுறை ஒளிபரப்புவதா? காட்டாமல் எப்படி விவாதிப்பது என்று இங்குள்ள நண்பர்கள் சிலர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. அடுத்துப் பேசப் போகிறவரும் அவர்களில் ஒருவர்தான். அவருக்கு வழிவிடுகிறேன்.