பாம்பு வந்தால் நாலு நம்பரா?



சமையலறையில் ஒரு மலைப்பாம்பு. வீட்டில் ஒரே கூச்சல். அக்கம்பக்கத்தார் கூடிவிடுகிறார்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போனதும் அடுத்த கேள்வி என்ன? "வீட்டு எண் எத்தனை?" என்பதுதான்! சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இது பழகிப்போன ஒன்று. விபத்தில் சிக்கிய காரின் எண்ணைக்கூட விட்டுவைப்பதில்லையே!

சில சமயம் அந்த எண் அடித்தும் விடுகிறது. உடனே, "பாம்பு சும்மாவா வந்தது?" என்று பேச்சு கிளம்பும். கொஞ்சம் கணக்குப் பார்க்கலாமா? 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசுக்குரியவை 23. அதாவது ஏறக்குறைய 435-க்கு ஒன்று. பாம்பு நுழைந்த 435 வீட்டார் ஆளுக்கோர் எண்ணை எழுதினால், சராசரியாக ஒருவருக்குப் பரிசு விழும். அவர் கதை ஊரெல்லாம் பரவும். பணத்தை விட்ட மற்ற 434 பேர் வாய் திறப்பதில்லை.

இன்னொரு வேடிக்கை. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் இருவருக்காவது ஒரே பிறந்தநாள் அமையப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அங்கும் 23, இங்கும் 23! தேடினால் இப்படி எத்தனையோ பொருத்தங்கள் கிடைக்கும்.

சரி, பாம்பு ஏன் வந்தது? எலியைத் தேடி வந்தது. எலி ஏன் வந்தது? சிந்திய சோற்றையும் மூடாத குப்பைத் தொட்டியையும் தேடி வந்தது. கால்வாய்தான் இரண்டுக்கும் பாதை.

சிங்கப்பூர் நீர்நாய்களும் திடீரென்று வந்து குதித்தவை அல்ல. 1977 முதல் 1987 வரை பாடுபட்டு ஆற்றைச் சுத்தம் செய்தார்கள். 1998-ல் சுங்கை பூலோவில் நீர்நாய்கள் மீண்டும் தென்பட்டன. பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை உடைத்து, 2012-க்குள் வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். 2014-ல் அங்கே ஒரு நீர்நாய் ஜோடி வந்து சேர்ந்தது. தண்ணீரும் மீனும் இருந்தன, வந்தன. சில வீடுகளின் குளத்திலிருந்த அலங்கார மீன்களையும் அவை விட்டுவைக்கவில்லை என்பது வேறு கதை!

ஆகவே, எதிர்பாராமல் ஒரு விலங்கைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். குழந்தைகளை விலக்குங்கள். பாம்பைக் கம்பால் சீண்டாதீர்கள். சீண்டினால் அது கடிக்கக்கூடும். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தையும், மலேசியாவில் பொதுத் தற்காப்புப் படையையும் அழைக்கலாம். உணவு போட்டுப் பழக்காதீர்கள். சிங்கப்பூரில் 2020 முதல், வனவிலங்குக்கு உணவிட்டால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

பாம்பு போன பிறகு வீட்டு எண்ணை எழுதுவதற்கு முன், குப்பைத் தொட்டியின் மூடியைப் பாருங்கள். அடுத்த பாம்பு வருவதும் வராததும் அதைப் பொறுத்தது.